முற்றத்துக் கூடுகளும் அடுத்த வீட்டுப் பூனைகளும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் ஏறக்குறைய ஒரே கவலையைச் சொல்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் குருவி கூடு கட்டுகிறது, குஞ்சு பொரிக்கிறது, குஞ்சு பறப்பதற்கு முன் பூனை கொண்டுபோய்விடுகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்து, இம்முறை இதற்கே முழு இடமும் தருகிறோம்.

வாசகி, தங்கச்சிமடம்: ஐயா, எங்கள் கொல்லையில் மல்லிகைப் பதியன் போடும் பாத்திகளை ஒட்டி ஒரு நந்தியாவட்டைச் செடி நிற்கிறது. அதில் இடுப்புயரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவந்த சமயத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால் கூடு சரிந்து, கீழே இறகுகள் சிதறிக் கிடந்தன. அடுத்த வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்ந்திருந்தது. இப்போது அதே செடியின் மறுபக்கத்தில் மீண்டும் கட்டி, மூன்று முட்டைகள் இட்டிருக்கிறது. கூட்டை எடுத்து உயரமான வேம்பில் வைத்துவிடலாமா? மீன் அலசிய தண்ணீரைத்தான் அந்தச் செடிக்கு ஊற்றுகிறேன். செடி நன்றாகத் தழைத்திருப்பதால் கூடு வெளியே தெரியவில்லை.

பதில்: கூட்டைத் தயவுசெய்து இடம் மாற்றாதீர்கள். தாய்ப்பறவை தன் கூட்டை அது இருக்கும் இடத்தைக் கொண்டே அறிகிறது. நல்லெண்ணத்தோடு நாம் வேறு மரத்துக்கு மாற்றினால், முட்டைகளைக் கைவிட்டுவிடும் வாய்ப்பே அதிகம். காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதன் வரையறைக்குள் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மீன் தண்ணீர்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மீன் அலசிய நீரைச் செடிக்கு ஊற்றுவது நம் பக்கத்து வீடுகளில் நெடுநாளைய வழக்கம். செடிக்கு அதனால் நன்மையும் உண்டு. ஆனால் சாளையோ காரலோ அலசிய நீரில் செதிலும் குடல் துணுக்கும் கலந்து போகின்றன. அந்த வாடை தூரில் தங்கிவிட்டால், பூனை நாள்தோறும் அதே இடத்துக்கு வந்து மண்ணை முகர்ந்து நிற்கும். அப்படி நிற்கும்போது தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் குஞ்சுகள் இரைக்காகக் கீச்சிடுவது அதன் காதில் விழுகிறது. அந்தப் பூனையை உங்கள் கொல்லைக்கு வரவழைத்தது மீன் வாடை என்பதே என் கணிப்பு. குருவிக் குஞ்சை அது கண்டுகொண்டது பிறகுதான். எனக்கு வந்த மற்றக் கடிதங்களிலும் ஏதோ ஒரு வகையில் மீன் கழிவு தலைகாட்டுகிறது. ஆகவே, இன்று தொடங்கி அந்த நீரைக் கூட்டுக்கு எட்டாத தொலைவில் உள்ள தென்னைக்கு ஊற்றுங்கள். செதிலையும் குடலையும் முழ ஆழக் குழியில் போட்டு மண் தள்ளி, மேலே ஒரு பலகைக் கல்லை வைத்துவிடுங்கள். அரிவாள்மனையைப் போட்டு மீன் அரியும் இடமும் அந்தச் செடிக்குப் பக்கத்தில் இருந்தால் அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்முடைய ஆவல். கொண்டைக்குருவி முட்டையிடத் தொடங்கிய நாளிலிருந்து குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் வரை ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் வீட்டில் உள்ளவர்களும் விருந்தாளிகளும் இலையை விலக்கிப் பார்ப்பதும், கைப்பேசியில் படம் எடுப்பதுமாக இருந்தால், மிதிபட்ட புல்லும் விலகிய இலையும் கூட்டுக்கு வழி காட்டிவிடும். காகம் வேறு மேலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. பறவை தன் கூட்டை மறைப்பதில் எவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே நீங்கள் பார்க்கலாம். இரை ஊட்டி முடித்ததும் தாயோ தந்தையோ உடனே பறந்துவிடாமல் கூட்டின் விளிம்பில் சற்றுக் காத்து நிற்கும். குஞ்சு பின்புறத்தைத் தூக்கி, வெண்மையான மெல்லிய உறைக்குள் அடங்கிய எச்சத்தை வெளியிடும். அதை அப்படியே அலகில் கவ்விக்கொண்டு தொலைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும். கூட்டுக்கடியில் எச்சமும் வாடையும் சேரக் கூடாது என்பதற்காக ஒரு நாளில் எத்தனையோ முறை இவ்வாறு செய்யும் பறவையின் கூட்டுக்கடியில்தான் நாம் மீன் நீரை ஊற்றுகிறோம்.

செடியைச் சுற்றி முள்ளடைப்புப் போடுங்கள். உடைமர முள்ளோ சீமைக்கருவேல முள்ளோ உங்கள் ஊரில் தேடிப்போக வேண்டியதில்லை. வெட்டிக் காய்ந்த கிளைகளைச் செடியின் விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, நெருக்கமாக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும்படி வட்டமாகப் பரப்பினால் போதும். பூனைக்குக் கால் வைக்கவும் தயக்கம் வரும், பதுங்கிப் பாயத் தரையும் கிடைக்காது. இந்த வேலையைத் தாய்ப்பறவை அடைகாக்கத் தொடங்கி ஒரு வாரம் கழிந்தபின், வெயில் ஏறாத நேரத்தில், கால் மணிக்குள் முடித்துவிடுங்கள். முட்டையிட்ட புதிதில் தொந்தரவு செய்தால் பறவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடுவது உண்டு. நாளாக நாளாக அதன் பற்று உறுதிப்படும்.

ஒரு எச்சரிக்கை: கிழிந்த தங்கூசி வலையை (மெல்லிய நைலான் நரம்பாலான மீன்வலை) வேலியாகக் கட்டுவது நம் ஊர்களில் வழக்கம். கூடு உள்ள இடத்தில் அதைக் கட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்பில் குருவியின் காலும் சிறகும் சிக்கினால் விடுபடவே முடியாது. சாரைப்பாம்பும் ஓணானும் அதில் மாட்டிச் சாகின்றன. கம்பியாலான கோழிவலை கிடைத்தால் அது நல்லது.

அடுத்த வீட்டாரிடம் பேசுவதைக் கடைசியாகச் சொன்னாலும் அதைத் தவிர்க்க முடியாது. “உங்கள் பூனை எங்கள் குருவியைத் தின்றுவிட்டது” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். குஞ்சுகள் பொரிந்தபின் வரும் இரண்டு வாரங்களுக்கு மட்டும், பொழுது சாய்ந்ததிலிருந்து காலை எட்டு மணி வரை பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். பூனை மிகுதியாக வேட்டையாடுவது அந்தியிலும் விடியற்காலையிலும்தான். நாள் வரையறுத்துக் கேட்கப்படும் உதவியை மறுப்பவர் குறைவு.

வாசகி, கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும். பூனைக்கு உணவிடுவதை எங்கள் குடும்பத்தில் நன்மையாகக் கருதி மூன்று தலைமுறையாகச் செய்துவருகிறோம். எங்கள் பூனை சென்ற வாரம் தவிட்டுக்குருவிக் குஞ்சொன்றைக் கவ்விவந்து முற்றத்தில் போட்டது. என் மகள் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. வயிறு நிறைய மீன் குழம்பும் சோறும் போட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? வீட்டுக்குள் அடைத்துவைத்தால் பாவமாகாதா? பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழி நினைவுக்கு வந்து மனம் உறுத்துகிறது.

பதில்: வ அலைக்கும் ஸலாம். மார்க்க விளக்கம் சொல்லும் தகுதி உங்கள் ஊர் ஆலிம்களுக்கே உண்டு. இருப்பினும் நீங்கள் குறிப்பிடும் நபிமொழியில் அந்தப் பெண் பூனைக்கு உணவும் நீரும் கொடுக்கவில்லை, தானாக இரை தேடிக்கொள்ள விடவும் இல்லை என்றே சொல்லப்படுகிறது. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபிமொழியும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். உணவும் நீரும் மணல் தொட்டியும் வைத்து, இரவில் மட்டும் காற்றோட்டமான ஓர் அறையில் பூனையை வைத்துக்கொள்வதால் அதற்கு எந்தத் துன்பமும் இல்லை. தெரு நாய்க்கும் வண்டிச் சக்கரத்துக்கும் தப்பி அது நீண்ட நாள் வாழவும் அதுவே வழி.

வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும் என்பது உண்மை. பசி வேறு, அசைவதைக் கண்டால் பாயும் இயல்பு வேறு. ஆயினும் உணவின் தன்மைக்கும் வேட்டைக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட வீட்டுப் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் உரிமையாளர் விளையாட்டுக் காட்டிய பூனைகளிடம் 25 சதவீதம் குறைந்தது. பூனை முழுக்க முழுக்க ஊன் உண்ணும் பிராணி. நாம் தட்டில் போடுவதில் பெரும்பகுதி சோறாகவும், மேலே ஊற்றிய குழம்பாகவும் இருந்தால், வயிறு நிறையும். ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைக்காது. குழம்பில் உள்ள புளி, மிளகாய், உப்பு, வெங்காயம் எதுவும் பூனைக்கு ஆகாதவை. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தையே கெடுக்கும். அதற்குப் பதிலாக உப்புப் போடாமல் வேகவைத்த மீன் தலையையும் சதையையும், கிடைக்கும்போது கோழி ஈரலையும் கொடுங்கள். மீனை வேகவைத்தே கொடுக்க வேண்டும்; சாளை, நெத்திலி போன்றவற்றில் உள்ள ஒரு பொருள் பச்சையாகத் தின்னும்போது தயமின் என்ற உயிர்ச்சத்தை அழித்துவிடும், வேகவைத்தால் அந்தக் கேடு நீங்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை. மாலையில் ஒரு கயிற்று நுனியில் துணி முடிச்சைக் கட்டி உங்கள் மகளை இழுத்து விளையாடச் சொல்லுங்கள். பாய்ந்து பிடிக்கும் ஆசை அதில் தணியும், குழந்தையின் மனமும் தேறும்.

தெருப் பூனைகளுக்கும் உணவு வைக்கிறீர்கள் என்றால், மரஞ்செடி இல்லாத பக்கமாக, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தைக் கால் மணியில் எடுத்துவிடுங்கள்.

வாசகர், பாம்பன்: விசைப்படகுத் தடைக்காலம் வந்தால் மீன் இறங்குதளத்துப் பூனைகளெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிடுகின்றன. குருவிக் கூடு ஒன்றும் தப்புவதில்லை. நானும் ஒரு பூனை வளர்க்கிறேன். அது இல்லாவிட்டால் எலி வலையைக் கடித்துக் குதறிவிடும். கழுத்தில் மணி கட்டினால் போதுமா?

பதில்: நீங்கள் கண்டது சரியான கவனிப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இறங்குதளத்தில் கொட்டிக் கிடக்கும் கழிவை நம்பி ஆண்டு முழுவதும் பெருகிய பூனைகளுக்கு அந்த இரண்டு மாதங்கள் பஞ்ச காலம். கோடையில் கூடு கட்டும் குருவிகளுக்கோ அதுவே குஞ்சு வளர்க்கும் காலம். தெருவார் நான்கைந்து பேர் சேர்ந்து தடைக்காலத்தில் மட்டும் ஊருக்கு வெளிப்புறமாக ஓரிடத்தில் உணவு வைப்பதும், அங்கு வந்து கூடும் பூனைகளை ஒவ்வொன்றாகக் கருத்தடைக்குக் கொண்டுபோவதும் நல்ல ஏற்பாடு.

மணியைப் பற்றி: மேலே சொன்ன அதே ஆய்வில் மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. அது ஒருபுறம் இருக்க, கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு மணியோசை கேட்டு என்ன பயன், அதனால் பறந்து தப்ப முடியாதே. அதே ஆய்வில், பளிச்சென்ற பல நிறத் துணிப்பட்டையைக் கழுத்தில் அணிவித்த பூனைகள் பிடித்துவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைகளுக்கு நிறங்கள் நன்றாகத் தெரிவதால் தொலைவிலேயே கண்டு எச்சரிக்கையாகிவிடுகின்றன. எலிக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது; ஆகையால் எலி பிடிப்பது குறையவில்லை. உங்களுக்கு வேண்டியதும் இதுதான். சிவப்பும் மஞ்சளுமான சேலைத் துண்டில் நீங்களே தைக்கலாம். ஆனால் பட்டை எங்காவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுவிட வேண்டும். உடைமரத்தில் ஏறும் பூனை முள்ளில் மாட்டிக் கழுத்து இறுகிச் செத்துவிடக்கூடும். முடிச்சுப் போடாமல், இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைத்துத் தையுங்கள். வலை வைக்கும் கொட்டகைக்குள்ளேயே பூனையை இரவில் விட்டுக் கதவைச் சாத்தினால் எலியும் ஒழியும், குருவியும் பிழைக்கும்.

வாசகர், மண்டபம்: எங்கள் தெருவில் ஒருவர் பூனைகளுக்கு மீனில் விஷம் வைக்கப் போவதாகச் சொல்கிறார். குருவிகளைக் காக்க வேறு வழியில்லை என்கிறார். என்ன செய்வது?

பதில்: உடனே தடுத்து நிறுத்துங்கள். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். விஷ மீனைப் பூனை மட்டும் தின்னும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? செம்பருந்தும் காகமும் நாயும் தின்னும். சிறு குழந்தை கையால் தொடும். நாப்தலின் உருண்டை, பினாயில், மண்ணெண்ணெய் ஆகியவற்றைத் தோட்டத்தில் போடுவதும் விஷம் வைப்பதற்குச் சமமே.

பிடித்துக்கொண்டுபோய் வேறு ஊரில் விடுவதும் பயன் தராது. மீன் கழிவு இருக்கும் வரை காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்துவிடும். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். ஆகவே, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை அறுவை செய்து, அதே இடத்தில் விடுவதே எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அலைச்சல் குறையும், அடுத்த ஆண்டு அதன் குட்டிகள் இருக்கமாட்டா.

வாசகி, உச்சிப்புளி: முருங்கை மரத்தில் மைனா, சுவரில் மாட்டிய பெட்டியில் சிட்டுக்குருவி. இரண்டுக்கும் பூனை ஏறுகிறது.

பதில்: தென்னையில் எலி ஏறாமல் இருக்கத் தகரம் சுற்றுவதை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். பூனைக்கு அதைவிட அகலம் வேண்டும்; இரண்டடிக்குக் குறையாத வழவழப்பான தகட்டை, அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இருக்கும்படி சுற்றுங்கள். உப்புக்காற்றில் இரும்புத் தகரம் துருப்பிடித்துச் சொரசொரப்பானதும் நகம் பிடித்துக்கொள்ளும். அலுமினியத் தகடே நல்லது. முருங்கை மென்மையான மரம், ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திவிடுங்கள். மதிலிலிருந்தோ கூரையிலிருந்தோ தாவும் தூரத்தில் கிளை இருந்தால் தகடு வீண்.

குருவிப் பெட்டியைப் பத்தடி உயரத்தில், கீழே சன்ஷேடோ சன்னல் கம்பியோ இல்லாத வெறும் சுவரில் மாட்டுங்கள். வாசலின் முன் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை வெட்டி எறியுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் உதவும். துளை ஒன்றேகால் அங்குலம் போதும்.

வாசகர், தேவிபட்டினம்: பூனை வாயிலிருந்து பிடுங்கிய குருவிக் குஞ்சுக்குக் காயம் எதுவும் தெரியவில்லை. பறக்கவிட்டுவிடலாமா? மனிதர் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்கிறார்களே?

பதில்: பறக்கவிடாதீர்கள். பூனையின் பல் ஊசி போல இறங்குவதால் காயம் இறகுக்குள் மறைந்திருக்கும். அதன் வாயில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடியில் சிறு துளைகளிட்டு, இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து, சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அலகைப் பிளந்து தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

பூனை தொடாமல், தரையில் தத்தித் திரியும் இறகு முளைத்த குஞ்சு என்றால் அதற்கு எந்த நோயும் இல்லை. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி முதலியவற்றின் குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தெரிவதற்குச் சில நாள் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடுகின்றன. பெற்றோர் அருகிலிருந்து ஊட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சில நாட்களில்தான் பூனையிடம் பெரும்பாலான குஞ்சுகள் போகின்றன. எடுத்து அருகிலுள்ள அடர்ந்த செடியில் உயரமான கிளையில் உட்காரவைத்துவிட்டு விலகிப்போங்கள். கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

வாசகர், வாலிநோக்கம்: வீட்டுக்குப் பக்கத்து வெறும் மனையில் ஆட்காட்டி தரையிலேயே நான்கு முட்டைகள் இட்டிருக்கிறது. பூனை, நாய், வண்டி எல்லாம் வரும் இடம். கூரை போட்டு மூடலாமா?

பதில்: வேண்டாம். தரையோடு தரையாகத் தெரியும் நிறம்தான் அந்த முட்டைகளுக்குக் காவல். கூரை போட்டால் எல்லார் கண்ணிலும் படும். நடுப்பகல் வெயிலில் ஆட்காட்டி நீர்நிலைக்குப் பறந்து, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமர்வதைக் காணலாம். வெப்பத்தை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, பத்தடி தள்ளி நான்கு மூலையிலும் பெரிய கற்களை வைத்து வண்டி வராமல் தடுப்பதும், நாய் வளர்ப்பவர்களிடம் சொல்லிக் கட்டிப்போடச் செய்வதும்தான். அடைகாப்பு நான்கு வாரம். பொரிந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள் எழுந்து பெற்றோருடன் நடந்துவிடும். அன்றைக்குப் பகல் முழுவதும் உங்கள் வீட்டுப் பூனை வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனைக்குச் சொந்தக்காரர் கட்டட வேலை தொடங்கவிருந்தால், பொரிக்கும் நாள் வரை பொறுக்கும்படி இப்போதே கேட்டுவிடுங்கள்.